சாபமல்ல, கையெழுத்து

இலங்கை வங்குரோத்தானது யாரால் என்று கேட்டால் இன்று கையோடு கிடைக்கும் பதில் ஒன்று இருக்கிறது: எல்லோராலும்தான். வரவுக்கு மேல் செலவழித்துப் பழகினோம். மானியம் கேட்டோம். எந்தக் கட்சி வந்தாலும் கடன் வாங்கியது, நாமும் கைதட்டினோம். அறுபத்தொன்பது இலட்சம் பேர் புள்ளடி போட்டுத்தானே கோட்டாபய ஜனாதிபதியாக வந்தார்? அதற்கு மேல் கொரோனா, அதற்கும் மேல் யுக்ரேன் யுத்தம். யாரைப் பிடித்து என்ன கேட்பது? தொலைக்காட்சி விவாதத்தில் பேராசிரியரும் இதைத்தான் சொல்கிறார், தேநீர்க் கடையில் பத்திரிகை படிப்பவரும் இதைத்தான் சொல்கிறார். இதில் ஒரு தன்னடக்கத்தின் சாயல் இருப்பதால் கேட்பவர் உடனே தலையாட்டிவிடுகிறார். தன்னையும் சேர்த்துக் குற்றம் சொல்பவனை யார் மறுத்துப் பேசுவது?

நான் மறுக்கிறேன். சுதந்திரத்துக்குப் பிந்திய எழுபத்தைந்து ஆண்டுக் கதையில் எத்தனை உண்மை இருந்தாலும், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததற்கான காரணங்கள் பெயர் தெரியாதவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு கோப்பு உண்டு, அடியில் ஒரு கையெழுத்து உண்டு. ‘எல்லோரும்’ என்ற சொல் அந்தக் கையெழுத்தை அழிக்கும் ரப்பராகத்தான் பயன்படுகிறது.

பொறுப்பு என்பது எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக மேலே ஏறினால் எல்கடுவ. தேயிலையும் மிளகும் ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் தோட்டங்கள். அங்கே மாலை நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பாருங்கள். காலையில் பிரட்டுக்குப் போன பெண் கொழுந்துச் சாக்கைத் தராசில் தொங்கவிடுகிறாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிக்கிறார், செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதுகிறார். தோட்டம் போட்ட கணக்கு 18 கிலோ, சில இடங்களில் 20. அதற்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. மழை பெய்ததா, மலையில் கொழுந்து இருந்ததா, புல் இடுப்பளவு வளர்ந்து அட்டை கடித்ததா, குழந்தைக்குக் காய்ச்சலா — எதுவும் செக்ரோலில் ஏறாது. அன்றைக்கு அவள் கையில் எத்தனை கிலோ, அவ்வளவுதான். அன்று மாலையே தீர்ப்பு, அன்று மாலையே தண்டனை, மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கணக்கு நியாயமானது என்று நான் சொல்லவில்லை, கொடுமையானது. ஆனால் இப்படி ஒரு கணக்கை ஒரு நாள் கூலிக்காரி மேல் நடத்தும் நாடு, திறைசேரிச் சாவியை வைத்திருந்தவர்கள் விஷயத்தில் மட்டும் ‘சூழ்நிலைகள்’, ‘கட்டமைப்புப் பிரச்சினைகள்’, ‘நாம் எல்லோரும்’ என்று பேசத் தொடங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, மழையையும் மலையையும் கணக்கில் எடுப்போம். கொரோனாவை முதலில் எடுப்போம், ஏனென்றால் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். உள்நாட்டில் முதல் இலங்கைத் தொற்றாளர் 2020 மார்ச்சில் கண்டறியப்பட்டார். வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது 2019 டிசம்பர் 1 முதல். அதே வேகத்தில் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி போனது. சம்பளத்தில் பிடிக்கும் உழைக்கும்போது செலுத்தும் வரி போனது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை இருந்தாலே வற் வரிக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை ஒரே தாவலில் 300 மில்லியனாக உயர்ந்தது. ஆக, 290 மில்லியன் ரூபாவுக்கு வியாபாரம் செய்பவர் வரிப் புத்தகத்திலிருந்து காணாமல் போனார்; கடையில் சாமான் வாங்குபவர் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தார். அரச வருமானம் நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தது, ஓராண்டில் 9 சதவீதத்துக்கு வந்து நின்றது. இதைச் செய்தது வைரஸ் இல்லை, அமைச்சரவைப் பத்திரம்.

வருமானம் போன வீட்டுக்கு வெளியே யார் கடன் தருவார்? 2020இலேயே தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையை அடுத்தடுத்துக் கீழே இறக்கின. வெளிநாட்டுச் சந்தையின் கதவு மூடியது. அப்போது ஒரு பொறுப்புள்ள அரசாங்கம் வரியைத் திரும்ப ஏற்றும், அல்லது சர்வதேச நாணய நிதியத்திடம் போகும். இவர்கள் மத்திய வங்கியிடம் போனார்கள். 2019 இறுதியில் மத்திய வங்கி கையில் இருந்த அரச திறைசேரி உண்டியல்கள் நூறு பில்லியன் ரூபாவுக்குள். 2021 இறுதியில் அது 1,400 பில்லியனைத் தாண்டியது. அந்தக் காசு அச்சடித்த காசு. ‘நவீன பணக் கோட்பாடு’ என்று அதற்கு ஒரு அழகான பெயரும் மேடைகளில் உலாவியது. கோட்பாட்டின் விலையைக் கோதுமை மா விலையில் பிறகு பார்த்தோம்.

யுக்ரேன் யுத்தத்தின் முதல் குண்டு விழுந்தது 2022 பெப்ரவரி 24. அதற்கு முன்பே, 2021 கடைசியிலேயே, எரிவாயு சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்றது. கையிருப்பு 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர். 2021 இறுதியில் சீனாவின் நாணயப் பரிமாற்றத்தையும் சேர்த்து 3 பில்லியனைச் சற்றே தாண்டியது. இந்த நிலையில் 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறி ஒன்றை முழுதாகக் கட்டி முடித்தார்கள். கட்ட வேண்டாம், பேசித் தீர்க்கலாம், அந்த டொலரில் மருந்தும் எரிபொருளும் வாங்கலாம் என்று உள்நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்போது மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால். இலங்கை ஒருபோதும் கடன் தவறியதில்லை என்ற பெருமையைக் காப்பாற்றினாராம். மூன்று மாதத்தில் பெருமையும் போனது, 500 மில்லியனும் போனது. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் எழுந்து, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார். ஒரு நாடு, இரண்டேகால் கோடி மக்கள், 50 மில்லியன் டொலர்.

வெளியே இருந்து வந்த அடிதான் காரணம் என்பவர்களிடம் ஒரே கேள்வி. சுற்றுலாவைத் தவிர வேறு பெரிய பிழைப்பில்லாத மாலைதீவு, கொரோனாவில் விமான நிலையத்தையே பூட்டிய மாலைதீவு, 2022இல் ஏன் கடன் தவறவில்லை?

இனி எழுபத்தைந்து ஆண்டு. இது இப்போது ஆளும் கட்சிக்கும் பிடித்த வாக்கியம். மேடையில் ‘75 வருட சாபம்’ என்றால் கைதட்டல் விழும். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோரும் கடன் வாங்கினார்கள் என்பது பொய்யில்லை. 2007இல் முதல் சர்வதேசப் பிணைமுறியை மஹிந்த அரசு விற்றது. 2015 முதல் 2019 வரை மைத்திரி–ரணில் அரசு பத்து பில்லியன் டொலருக்கு மேல் அதே வழியில் திரட்டியது. 2015 பெப்ரவரி 27 பிணைமுறி ஏலம் அந்தக் காலத்து நாற்றம். அதிலும் அதைத் தொடர்ந்த முறி வியாபாரங்களிலும் பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனம் கண்ட இலாபம் 11 பில்லியன் ரூபாவுக்கு மேல் என்று விசாரணை ஆணைக்குழு கணக்கிட்டது. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் நாட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. நீல வேட்டியைக் கழுவுவதற்காகப் பச்சை வேட்டியை அழுக்காக்குவதும், பச்சைக்காக நீலத்தை அழுக்காக்குவதும் நமக்கு நன்றாகப் பழகிய வேலை. ஆனால் கடன் வாங்கியது ஒரு குற்றப்பத்திரிகை; அந்தக் கடனைக் கட்டுவதற்கான வருமானத்தை வேண்டுமென்றே வெட்டியது வேறொரு குற்றப்பத்திரிகை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுச் சாபம் என்று பெயர் வைத்தால் சாக்கை யார் சுமப்பது? சாபத்துக்கு ஆளில்லை, முகவரி இல்லை. நோயாளி பல வருடமாக இருமிக்கொண்டிருந்தார் என்பதற்காக, கடைசி இரவில் மூச்சுக்குழாயைப் பிடுங்கியவரை மருத்துவமனை விட்டுவிடுமா?

அறுபத்தொன்பது இலட்சம் பேரைப் பற்றி. இந்த எண்ணைச் சொல்லி அயல்வீட்டுக்காரரைக் குத்திக்காட்டுவது 2022இல் ஒரு தேசிய விளையாட்டாக இருந்தது. எங்கள் தமிழ் ஆட்களிடையே அதற்கு இன்னொரு சுவையும் உண்டு: நாங்கள் போடவில்லை, நீங்கள் போட்டீர்கள், அனுபவியுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் எதிர் வேட்பாளர் சஜித் பிரேமதாசதான் வென்றார், வடகிழக்கிலும் அவரே, உண்மைதான். ஆனால் வரிசையில் நின்றபோது யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்டு எரிவாயு கொடுக்கவில்லை. அது கிடக்கட்டும். வரிக்குறைப்பு கோட்டாபயவின் தேர்தல் வாக்குறுதியிலேயே இருந்தது, மக்கள் தெரிந்துதானே போட்டார்கள் என்பது கொஞ்சம் கனமான வாதம். அதற்குப் பதில்: அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே, இந்த வரிக்குறைப்பு நாட்டை வங்குரோத்தில் தள்ளும் என்று பகிரங்கமாக எச்சரித்தார். அவர் கையில் திறைசேரிக் கணக்கு இருந்தது. அதே கணக்குப் புத்தகம் 2019 நவம்பரில் புதிய ஆட்களின் கைக்கு மாறியது. வாக்காளர் கையில் அது எப்போதும் இருந்ததில்லை. வாக்குறுதியை நம்பியவர் ஏமாந்தவர். புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகும் கையெழுத்து வைத்தவர் ஏமாற்றியவர். நம் சட்டம் இந்த இருவரையும் ஒரே கூண்டில் ஏற்றுவதில்லை. நம் பேச்சு மட்டும்தான் ஏற்றுகிறது.

‘வரவுக்கு மேல் வாழ்ந்தோம்’ என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

யார் வாழ்ந்தது? 2021 மார்ச்சில் சம்பளச் சபை வர்த்தமானி வழியாகத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா ஆனது. அதற்காக எத்தனை ஆண்டு ஊர்வலம், எத்தனை கட்டவுட், எத்தனை தலைவர்களின் சபதம். அன்றைய விலையில் அது 5 டொலர். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு, மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபா. அதே 1,000 அப்போது 3 டொலரும் இல்லை. லயத்தில் காலையும் இரவும் ரொட்டிதான் சாப்பாடு. கிலோ நூறு ரூபாவுக்குள் இருந்த கோதுமை மா அந்த வருடத்திலேயே 400 ரூபா வரை போனது. ஒரு நாள் முழுக்க மலையில் நின்று ஒரு முழுப் பேர் வாங்கினால் இரண்டரைக் கிலோ மா. தேங்காயும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, பிள்ளையின் கொப்பியும் இல்லை, மா மட்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. வரவுக்கு மேல் வாழ்ந்தவள் இவளா?

பசளைக் கதையும் இங்கேதான் வருகிறது. 2021 ஏப்ரல்–மே காலத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது, நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கொழும்பில் அது ஏழு மாதத்துக் கொள்கைத் தவறு. தேயிலைக்கு அப்படிக் கணக்கில்லை. பசளை தப்பிய செடி அடுத்த பருவங்களில்தான் பழிவாங்கும். 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. டொலர் பஞ்சத்தில் கிடந்த நாடு தன் கையாலேயே டொலர் காய்க்கும் செடியைப் பட்டினி போட்டது. மலையில் கொழுந்து இல்லை. ஆனால் மடுவத்துத் தராசில் 18 கிலோ என்ற கோடு அசையவில்லை. ஜனாதிபதி செயலகத்தில் எடுத்த முடிவு கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அரைப் பேராக இறங்கியது. 2022 ஏப்ரல் 18 அன்று புதிய அமைச்சரவை முன்னால் கோட்டாபயவே பசளைத் தடை பிழை என்றும், நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். குற்றம் செய்தவர் ஒப்புக்கொண்ட பிறகும் ‘நாம் எல்லோரும்’ என்று அவருக்காக வாதாடுபவர்களை என்ன சொல்வது!

வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் நம் பிள்ளைகள் வங்கியைத் தவிர்த்து உண்டியலில் காசு அனுப்பியதுதான் டொலர் தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்றும் அப்போது ஒரு பேச்சு நடந்தது. வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பும் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன். குறைந்தது உண்மை. ஏன் குறைந்தது? வங்கி டொலருக்கு 203 ரூபா என்று பிடித்து வைத்திருந்தது, உண்டியல்காரர் அதற்கு மேல் நாற்பது ஐம்பது கூட்டிக் கொடுத்தார். சவூதியில் ஒரு வீட்டின் பாத்திரம் முழுவதையும் கழுவி அனுப்புகிற காசில் டொலருக்கு நாற்பது ரூபா குறைத்து வாங்கி தேசபக்தி காட்ட வேண்டியது அவள்தானா? விலையைப் பொய்யாகப் பிடித்து வைத்தவர்கள் எந்த இழப்பில் பங்கெடுத்தார்கள்?

எல்லோருக்கும் பொறுப்பு என்று சொன்னவர்கள், இழப்பைப் பகிரும்போது எல்லோரிடமும் கேட்டார்களா என்று பார்ப்போம். 2023 ஜூன் கடைசியில் நாடு ஐந்து நாள் வங்கிகளை மூடியது. பெருநாளும் வார இறுதியும் போயா விடுமுறையும் ஏற்கெனவே இருந்தன. இடையில் 30ஆம் தேதியைச் சிறப்பு விடுமுறையாக அறிவித்தார்கள். வங்கிக்குள் ஏதோ வெடிக்கப் போகிறது என்று ஊரெங்கும் பயம். ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு 122க்கு 62 என்று கை தூக்கியது. வங்கிகள் வைத்திருந்த ரூபாத் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. பெரிய முதலீட்டாளரின் முறிகள் தொடப்படவில்லை. தொடப்பட்டவற்றில் முதன்மையானது ஊழியர் சேமலாப நிதி. பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டும்; வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9. மாட்டேன் என்றால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. விருப்பம் என்று அதற்குப் பெயர்.

இதற்கு அரசாங்கம் சொன்ன காரணத்தை நான் குப்பையில் போடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, வாராக்கடனில் தத்தளிக்கின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளரின் பணம் போய்விடும் என்றார்கள். வங்கி விழுந்தால் ஏழைதான் முதலில் விழுவான் என்பது சரி. ஆனால் வங்கிகள் ஏன் தத்தளித்தன? இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு டொலரில் கடன் கொடுத்தன. கூட்டுத்தாபனம் அடக்கவிலைக்குக் கீழே ரூபாவில் எண்ணெய் விற்றது. விலையை ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தது அரசியல். பிறகு 2024 வரவு–செலவுத் திட்டத்தில் வங்கிகளுக்கு மூலதனம் ஏற்ற 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வங்கி நெருக்கடி என்று நாம் சொல்லும் பூதத்தின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் கடைசியில் அமைச்சரவை அறையில்தான் போய் முட்டும்.

சேமலாப நிதிக்கு வருவோம். தொழிலாளியின் கூலியில் 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12. ஓய்வு வயதில் இடுப்பு விட்டுப்போன பிறகு கைக்கு வரும் பெரிய மொத்தக் காசு. மகளின் கல்யாணம், கூரைத் தகரம், அடகில் கிடக்கும் சங்கிலி எல்லாம் அதை நம்பித்தான். 2022ஆம் ஆண்டுக்கு உறுப்பினருக்கு வரவு வைத்த வட்டி 9 சதவீதம். அந்த வருடத்துச் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்துக்கு மேல். திருடன் வீட்டுக்குள் வரவே இல்லை; ஆனால் பெட்டியில் நான்கில் ஒரு பங்கு இல்லை.

இப்போது ஒரு விவரம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அந்த ஆண்டுகளில் சேமலாப நிதியின் காவலராக இருந்தது யார்? மத்திய வங்கியின் நாணயச் சபை. நெருக்கடிக்குப் பங்களித்தவர்கள் என்று 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் யார் யாரைச் சொன்னது? கோட்டாபய, மஹிந்த, பசில், ஆளுநர்கள் லக்ஷ்மன், கப்ரால், திறைசேரிச் செயலாளர் ஆட்டிகல, ஜனாதிபதியின் செயலாளர் பி.பி. ஜயசுந்தர, கூடவே நாணயச் சபை உறுப்பினர்கள். காசைப் பாதுகாக்க வேண்டிய அதே மேசைதான் காசின் பெறுமதியை அழித்தது.

அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘எல்லோரும்தான்’ என்ற கட்சிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது. வழக்குப் போட்டவர்கள் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் இலங்கைக் கிளை, வர்த்தகச் சங்கத்தின் முன்னாள் தலைவர் சந்திர ஜயரத்ன, ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங், ஜெஹான் கனகரத்ன. (ஒரு நீச்சல் வீரர் நாடு மூழ்குவதைப் பற்றி வழக்குப் போட்டது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.) ஐந்து நீதியரசர்களில் நால்வர் ஒரே முடிவு: இவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தந்த சமத்துவ உரிமை மீறப்பட்டது. பெயர் சொல்லி, பதவி சொல்லி. தண்டனை? மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. இழப்பீடு இல்லை. மனுதாரர்கள் இழப்பீடு கேட்டிருக்கவில்லை என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். ஒத்துக்கொள்வோம். நீதிமன்றம் நின்ற இடத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியது பாராளுமன்றம். அங்கே அதற்கு நாலு மாதம் முன்பே ஒரு தெரிவுக்குழு போட்டிருந்தார்கள், வங்குரோத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க. தலைவராக அமர்த்தப்பட்டவர் பொதுஜன பெரமுனவின் பொதுச் செயலாளர் சாகர காரியவசம். கோழி காணாமல் போனதை விசாரிக்க நரிக்கு நாற்காலி!

‘அவர்களைத் துரத்திவிட்டோமே, அதுவே தண்டனை’ என்பவர்களும் இருக்கிறார்கள். கோட்டாபய 2022 ஜூலை 13 அதிகாலை நாட்டை விட்டுப் போனார். செப்டம்பர் 2ஆம் தேதி திரும்பி வந்தார். ஏழு வாரம். இதைவிடத் தோட்டத்தில் கொடுக்கும் ‘வேலை நிறுத்தி வைப்பு’ நீளமானது.

தோட்டத்தில் தண்டனை எவ்வளவு வேகம் என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தத் தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட உதவி முகாமையாளர் உடைத்த காணொளியை நாடே பார்த்தது. அனுமதியின்றிக் கட்டினார்கள் என்பதுதான் காரணம். பிறகு அன்றைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் போனார், சண்டை நடந்தது, அறிக்கைகள் வந்தன. அந்த விவகாரத்தின் மற்ற நியாயங்கள் இருக்கட்டும். ஒன்று மட்டும் தெரிந்தது. அனுமதியில்லாத நாலு தகரத்துக்கு விசாரணை தேவைப்படவில்லை, நாள் குறிக்கத் தேவைப்படவில்லை, ‘கட்டமைப்புக் காரணி’ என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

வேறு நாட்டில் எப்படிச் செய்தார்கள்? ஐஸ்லாந்தில் 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அவர்களும் ‘எல்லோரும் ஆடினோம்’ என்று சொல்லியிருக்கலாம்; அந்த ஊர் ஆட்கள் கடனில் கார் வாங்கியவர்கள்தான். ஆனால் பாராளுமன்றம் அமைத்த ஆணைக்குழு 2010இல் யார் எப்போது என்ன தெரிந்தும் என்ன செய்யவில்லை என்று அறிக்கை எழுதியது. வங்கித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பிரதமராக இருந்த கெய்ர் ஹார்டே சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 2012இல் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றார்கள்: முக்கியமான விஷயத்தை அமைச்சரவைக்கு முன் வைக்கவில்லை. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. பிரதமராக இருந்தவர் கூண்டில் நின்று, நீ கூட்டம் போட்டாயா, குறிப்பு எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். நம் நாணயச் சபையின் 2020–2022 கூட்டக் குறிப்புகளை வைத்து அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கட்டுமே.

பழையதைக் கிளறினால் மீட்சி குலைந்துவிடும், நாணய நிதியம் பார்த்துக்கொண்டிருக்கிறது, முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பது கடைசிப் பயமுறுத்தல். 2023இல் மத்திய வங்கிக்குப் புதிய சட்டம் வந்தது. அரசாங்கத்துக்குக் காசு அச்சடிப்பதற்கு இனிப் பூட்டு. நல்லது. பூட்டு நாளைக்கானது, நேற்றுச் சாவியைத் திருப்பியவரைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வரி பேசவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: பொறுப்புக் கேட்கும் ஆற்றல் இந்த அரசுக்கு இல்லாமலும் இல்லை. முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் லண்டன் பயணத்துக்கு அரச பணம் 1 கோடியே 66 இலட்சம் செலவானது என்ற குற்றச்சாட்டில் 2025 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். 2012 காலத்துக் கிரேக்கப் பிணைமுறி முதலீட்டுக்காகக் கப்ரால் மேல் அதே ஆண்டில் இலஞ்ச ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. வழக்குகளின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒரு பயணச் செலவுக்கும், பதின்மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு முதலீட்டுக்கும் கோப்புத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு, உயர் நீதிமன்றமே பெயர் எழுதிக் கொடுத்த கோப்பு மட்டும் ஏன் கனக்கிறது?

பெயர் சொல்லப்பட்டவர்களைப் பதவிக்கு வராமல் தடுக்கலாம் என்றால், குடியியல் உரிமையைப் பறிப்பதெல்லாம் நாகரிகமா என்று கேட்பார்கள். இலங்கை அரசுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. 1980இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையை ஏழு ஆண்டுக்குப் பறித்தார்கள்; அதில் பழிவாங்கல் இருந்தது, அந்த முறையை நான் வேண்டவில்லை. அதற்கு முன், 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத்தில் எங்கள் பாட்டன்மாரை, எந்தக் குற்றமும் விசாரிக்காமல், ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. கோப்பியையும் தேயிலையையும் நட்டது தவிர அவர்கள் செய்த பிழை எதுவும் பதிவில் இல்லை. நான் கேட்பது அதில் பத்தில் ஒன்று: நீதிமன்றம் பெயர் சொன்னவர்கள் இனிப் பொதுப் பதவிக்கு வர முடியாதபடி, முறையான விசாரணைக்குப் பின், ஒரு சட்டம். நாணயச் சபைக் குறிப்புகளும் வரிக்குறைப்பு அமைச்சரவைப் பத்திரமும் சீனி வரிக் கோப்பும் பகிரங்கமாக வெளிவர வேண்டும். 2020 அக்டோபரில் சீனி வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கி, கிட்டத்தட்ட 16 பில்லியன் ரூபா வருமானத்தை இழந்த கோப்பு அது. கடையில் சீனி விலை மட்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

அத்தோடு சேமலாப நிதிக்கு ஏற்பட்ட இழப்பை ஒரு தொகையாகக் கணக்கிட்டு உறுப்பினர் பெயருக்கு வரவு வைக்க வேண்டும். காசு எங்கே என்று கேட்டால், 450 பில்லியன் வங்கிகளுக்குக் கிடைத்த இடத்தில் தேடலாம். அந்தக் கணக்கை அரசு தன் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன்ஸ் என்று அரசு கையிலிருக்கும் மூன்று பெருந்தோட்ட நிறுவனங்களின் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றத்தில் எத்தனையோ தடவை பேசப்பட்டுவிட்டது. தொழிலாளியின் கூலியில் 8 சதவீதத்தைக் கழித்தவர் யார், அதைக் கட்டாமல் வைத்திருக்கக் கையெழுத்திட்டவர் யார் என்பது அங்கே செக்ரோலிலேயே இருக்கிறது.